விடைபெறத் தெரியாத எமன்

சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சேலத்துக்கு மேற்கே இருப்பதெல்லாம் ஏறக்குறைய வெளிநாடுதான். மொழி நம்முடையதாகவே ஒலிக்கும். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு 'ங்க' நின்றுகொண்டு, நமக்கு மரியாதை செய்த பிறகுதான் வழிவிடும். அந்த நாட்டில் மூன்று நாள் சுற்றிவிட்டு வந்தேன். உடன் வந்தவர் எமன்.

இதை விளக்கவேண்டும். நான் சமூகப்பணி படித்தவள். சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் ஒரு சிறிய தன்னார்வக் குழுவில் வேலை பார்க்கிறேன். தலைக்கவசம் அணியாமல் வருபவர்களை எமன் வேடமிட்ட ஒருவர் பாசக்கயிற்றோடு வழிமறித்து அறிவுரை சொல்வது நம் ஊர்களில் பழகிப்போன காட்சி. அதனால் மக்கள் உண்மையிலேயே திருந்துகிறார்களா, அல்லது எமனோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு பழையபடியே பறக்கிறார்களா என்று நேரில் பார்த்து அறிக்கை எழுதவேண்டியது என் பொறுப்பு. அறிக்கைப் படிவத்தில் 'நடத்தையில் கண்ட மாற்றம்' என்றொரு பெரிய கட்டம் இருந்தது. அதை நேர்மையாக நிரப்பவேண்டும் என்ற உறுதியோடு புறப்பட்டேன்.

எமனாக வர ஒப்புக்கொண்டவரை முதல் நாள் காலை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் சந்தித்தேன். பெயர் அர்த்தனாரி. நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளிலிருந்து முட்டை ஏற்றிச் செல்லும் வேனின் ஓட்டுநர். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம், சொந்த மீசை. எமனைக் காலால் உதைத்த சிவனின் பெயரை வைத்துக்கொண்டு எமன் வேடம் போடலாமா என்று கேட்டேன்.

"அதனாலதானுங்க அம்மிணி தைரியமாப் போடறேன்" என்றார்.

உருவம் எமனுடையது. குணந்தான் ஒத்துழைக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளாக முட்டை ஏற்றியவரின் உடம்பு எதையும் வெடுக்கென்று செய்யாது. அவர் நாற்காலியில் உட்கார்வதுகூட, வேகத்தடை ஒன்றின் மேல் வண்டியை ஏற்றி இறக்குவதுபோலத்தான் இருக்கும். முதலில் சிக்கிய கல்லூரி மாணவனின் பைக்கை அவர் மறித்த விதம் இது:

"ஏனுங்க தம்பி, சித்த நில்லுங்க. அவசரத்துல போறீங்களாட்ட இருக்குது, தொந்தரவுக்கு மன்னிக்கோணும். நான் எமனுங்க."

"சொல்லுங்கண்ணா."

"ஹெல்மெட் போடாம வந்தீங்கன்னா, உங்க உசுரை நான் எடுக்கவேண்டியதாப் போயிருமுங்க. உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

மாணவன் சிரித்தான், கயிற்றைத் தன் கழுத்தில் தானே போட்டுக்கொண்டு படம் எடுத்தான், தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்தபடியே போய்விட்டான். நான் அர்த்தனாரியைத் தனியே அழைத்து, எமன் இன்னும் சற்றுக் கடுமையாகப் பேசினால் விளைவு நன்றாக இருக்கும் என்று எடுத்துரைத்தேன். மரணம் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை என்றும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "மருவாதி இல்லாமப் பேசினா எமன்னு நெனைக்க மாட்டாங்க அம்மிணி. ஏதோ போதையில இருக்கறான்னு நெனைச்சுக்குவாங்க."

மதியத்துக்கு மேல் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு மொறுமொறு தட்டுவடைகளுக்கு நடுவில் காரச் சட்னியும், துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வைத்துத் தருவது சேலத்தின் கண்டுபிடிப்பு. சென்னைக் கடற்கரைச் சுண்டலை நான் இதுவரை பாராட்டியதற்கெல்லாம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். எமனின் மீசையில் பீட்ரூட் சிவப்பு ஒட்டியிருந்தது. அன்றைக்கு அவர் முகம் ஓரளவாவது பயங்கரமாக இருந்தது அந்தப் பத்து நிமிடங்கள்தான்.

இரண்டாம் நாள் மல்லசமுத்திரம். அங்கே போவதற்காக நான் சேலத்தில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தேன். அர்த்தனாரி தன் பைக்கில் முழு வேடத்தோடு வந்துகொண்டிருந்தார். எனக்கு ஐம்பதடி தூரத்தில் போக்குவரத்துப் பெண் காவலர் ஒருவர் அவரை நிறுத்தினார்.

"ஹெல்மெட் எங்கண்ணா?"

"நான் எமனுங்க."

"அது தெரியுது. ஹெல்மெட் எங்கன்னு கேட்டேன்."

கிரீடம் வைத்த தலையில் தலைக்கவசம் ஏறவில்லை. ஆகவே தலைக்கவசத்தை வீட்டிலேயே வைத்துவிட்டார். கிரீடத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்ற எண்ணம் அவருக்கும் வரவில்லை, முந்தைய மாலை திட்டம் வகுத்த எனக்கும் வரவில்லை. பைக்கை அங்கேயே பூட்டிவிட்டுப் பேருந்தில் போகும்படி அந்தக் காவலர் உத்தரவிட்டார். இந்தச் சம்பவத்தை அறிக்கையில் சேர்த்தால் எங்கள் குழுவின் பெயர் என்ன ஆகும், சேர்க்காவிட்டால் என் மனசாட்சி என்ன ஆகும் என்று வெகுநேரம் எடைபோட்டேன். சேர்த்தேன், அடிக்குறிப்பாக.

பேருந்தில் நல்ல கூட்டம். கதாயுதத்தை மடியில் வைத்துக்கொண்டு அர்த்தனாரி இருவர் அமரும் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கவேண்டியிருப்பது திடீரென நினைவுக்கு வந்தவராக எழுந்தார். இறங்கவில்லை, பின்னால் போய் நின்றுகொண்டார். அத்தனை பேர் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வந்தார்கள்; எமனுக்கு அடுத்த இடம் மட்டும் காலியாகவே வந்தது. கடைசியில் முறுக்குக் கூடையோடு ஏறிய ஒரு பெண்மணி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அங்கே உட்கார்ந்தார்.

"பயமா இல்லீங்களா அக்கா?" என்று நடத்துநர் கேட்டார்.

"கால் வலிக்குது சாமி. இவரு வந்ததே நல்லதாப் போச்சு. இல்லாட்டி எனக்கு எடம் கெடைச்சிருக்குமா?" என்றவர், எமன் பக்கம் திரும்பி, "முறுக்கு வேணுங்களா?" என்றார்.

மல்லசமுத்திரத்தில் ஒரு தேநீர்க் கடையின் முன்னால் நிகழ்ச்சி நடந்தது. மரவள்ளிக் காட்டிலிருந்து, அதாவது வயலிலிருந்து, வந்த விவசாயிகள் நான்கைந்து பேர் எமனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் பயப்படவும் இல்லை, அறிவுரை கேட்கவும் இல்லை. எமன் இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது ஆகவேண்டிய வேலைகளைப் பேசி முடித்துவிடவே விரும்பினார்கள். ஒருவர் தன் பக்கத்துக் காட்டுக்காரரை உடனே அழைத்துப் போகும்படி கேட்டுக்கொண்டார்.

"வெலாசம் சொல்லுங்க" என்றார் எமன்.

"வெலாசம் எதுக்குங்க? அதா, பின்னால உக்காந்து டீ குடிக்கறான் பாருங்க."

பின்னால் உட்கார்ந்திருந்தவர் கோப்பையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "வாரதுக்குத் தயாருங்க. ஆனா வரப்பை அளந்து குடுத்துட்டுத்தான் வருவேன். இல்லாட்டி நான் அக்கட்டாலப் போனதும் இவன் ரெண்டு அடி உள்ளார வந்துருவான்."

அந்தச் சிரிப்புக்கு நடுவில் எனக்கு ஒன்று புரிந்தது. சாவுக்கு ஏன் ஒரு முகமும் மீசையும் எருமையும் கொடுத்தார்கள் என்று நான் கல்லூரியில் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். அச்சுறுத்தி ஒழுக்கம் கற்பிப்பதற்காக என்று அதில் முடிவு கட்டியிருந்தேன். இங்கே அது தலைகீழாக இருந்தது. முகம் இல்லாத ஒன்றிடம் பேரம் பேச முடியாது, கேலி செய்ய முடியாது, பக்கத்துக் காட்டுக்காரரைக் கைகாட்ட முடியாது. ஆள் என்று ஆகிவிட்டால் ஒரு டீயாவது வாங்கித் தரலாம். வாங்கித் தந்தார்கள். தலைக்கவசம் போடுவதாக ஒருவரும் வாக்குத் தரவில்லை. படிவத்தின் கட்டம் அன்றும் வெறுமையாகவே இருந்தது.

மூன்றாம் நாள் காலை திருச்செங்கோட்டில் இறங்கியபோது எனக்குச் சற்றுச் சோர்வுதான். மலையடிவாரத்துக்குப் போகும் வழியில் ஒரு மெஸ்ஸில் இட்லியோடு கலக்கி சாப்பிட்டோம். பாதி வெந்ததும் கல்லிலிருந்து எடுத்துவிடும் முட்டை அது. சென்னையில் இப்படிக் கொடுத்தால் வேகவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பேன், இங்கே இரண்டாவது கேட்டேன். அர்த்தனாரி இட்லி மட்டும் சாப்பிட்டார். முட்டையைப் பார்த்தால் சாப்பிடத் தோன்றுவதில்லையாம், உடையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் தோன்றுகிறதாம்.

திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளின் ஊர். இங்கிருந்து கிளம்பும் வண்டிகள் வடக்கே எங்கெங்கோ போய்ப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மாதங்கள் கழித்துத் திரும்பி வருகின்றன. அன்று ஒரு ரிக் லாரி மத்தியப் பிரதேசத்துக்குப் புறப்படவிருந்தது. நான்கு மாதப் பயணம். புறப்படுவதற்கு முன் ஓட்டுநரிடமும் ஆட்களிடமும் எமன் இருக்கைப் பட்டையைப் பற்றிப் பேச, வண்டியின் முதலாளி அனுமதி கொடுத்திருந்தார்.

ஆனால் அவருக்கு என்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. எங்கள் துண்டறிக்கையைத் தூக்கிக் காட்டினார். 'எமனாக வரும் லாரிகள்' என்று அதில் ஒரு வரி.

"ஏனுங்க அம்மிணி, பேப்பர்லயும் இப்படித்தான் எழுதறாங்க. எமனாக வந்த லாரி, எமனாக வந்த லாரின்னு. குறுக்க உழுந்தவன் எப்படி வந்தான்னு ஆராச்சும் எழுதறாங்களா? எங்க வண்டிக்கு எமன் வேசத்தைப் போட்டுட்டு, எமனையும் நீங்களே கூட்டிக்கிட்டு வாரீங்க."

அவர் சொன்னது நியாயம். அந்த வரியை என் கையாலேயே பேனாவால் அடித்துவிட்டுக் கொடுத்தேன்.

வண்டி முதலாளியின் ஷெட்டில் குளிப்பாட்டப்பட்டு, சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையுமாக நின்றது. சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழங்கள். ஓட்டுநர் பூபதிக்கு முப்பது வயதிருக்கும். அவர் மனைவி கலாமணி கையில் ஆரத்தித் தட்டோடு நின்றார். கல்யாணமான பிறகு பூபதி வடக்கே போவது இதுதான் முதல் தடவை என்று முதலாளி சொன்னார்.

எமனின் நிகழ்ச்சி நன்றாகவே போனது. வழக்கம்போல மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உயிரைப் பற்றிப் பேசினார். பூபதி, "பெல்ட்டெல்லாம் காருக்குத்தானுங்க. இந்த வண்டியில அதைக் கட்டிக்கிட்டா என்னைப் பாத்துச் சிரிப்பாங்க" என்றார். பட்டை இருக்கைக்குப் பின்னால் சுருட்டிக் கட்டப்பட்டுத் தூசி படிந்திருந்தது. நான் ஒரு துண்டறிக்கை கொடுத்தேன். அவர் அதை மரியாதையோடு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அது அங்கேயேதான் இருக்கும் என்பது எனக்குத் தெரிந்தது.

எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். அர்த்தனாரி குடித்து முடித்தார், கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார், பூபதியின் முகத்தைப் பார்த்துக் கைகூப்பி, மூன்று நாட்களாக எல்லா இடத்திலும் சொன்னதையே சொன்னார்:

"அப்ப நான் வாரேனுங்க."

ஆரத்தித் தட்டு அப்படியே நின்றது.

தமிழர் எல்லாருக்கும் தெரிந்ததுதான்; ஆனாலும் 'பை' என்று சொல்லியே பழகிவிட்ட என்னைப்போன்ற சென்னைக்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் யாரும் யாரிடமும் 'போறேன்' என்று சொல்லி விடைபெறுவதில்லை. அது ஒரேயடியாகப் போவதற்கான சொல். 'போயிட்டு வாரேன்' என்பார்கள். அதையும் சுருக்கி 'வாரேன்' என்பார்கள். போகிறவர் அத்தனை பேரும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகும் அழகான ஊர். அந்த அழகு எமன் வாயில் எப்படி ஒலிக்கும் என்பதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை.

"ஏனுங்க, இப்ப என்ன சொன்னீங்க?" என்றார் கலாமணி.

"வாரேன்னு..." என்று தொடங்கிய அர்த்தனாரி நிறுத்திக்கொண்டார். அவருக்கும் விளங்கிவிட்டது.

நான் முன்னே சென்றேன். 'வாரேன்' என்பது 'போய்விட்டு வருகிறேன்' என்பதன் சுருக்கமே என்றும், விடைபெறும் சொல்லுக்கு நேர்ப்பொருள் கொள்ளக்கூடாது என்றும் தெளிவாக விளக்கினேன்.

"அது மனுசங்க சொன்னாத்தானுங்க அப்படி" என்றார் கலாமணி. "எமன் வாரேன்னா, வாரேன்னுதானுங்க அர்த்தம்."



"வேசந்தானம்மா அது. முட்டை வண்டி ஓட்டறவரு" என்றார் முதலாளி.

"வேசமோ நெசமோ, கையில கயித்தை வெச்சுக்கிட்டு எங்க ஊட்டுக்காரரு மொகத்தைப் பாத்துச் சொன்னாருங்க. வேற ஆராச்சும் வாரேன்னா மறந்துட்டு வராமக்கூட இருந்துருவாங்க. எமதர்மராசா சொன்ன சொல்லுத் தவறாதவருங்கறாங்க."

"நல்ல நேரம் போயிட்டிருக்குது, கலாமணி" என்றார் பூபதி மெதுவாக.

"போவட்டுங்க. நீங்க வண்டியில தூங்கிக்குவீங்க. நாலு மாசம் ஊட்டுல நான் எப்படித் தூங்கறது? போன் அடிச்சா ஆருன்னு நெனைக்கறது?"

முதலாளி என்னை ஓரமாக அழைத்தார். பத்தரைக்குள் வண்டி எடுத்தாகவேண்டும். பூபதி வராவிட்டால் வேறு ஓட்டுநரை ஏற்றித்தான் அனுப்பவேண்டும். அடுத்த வண்டி இனி மழைக்காலம் முடிந்துதான். அவர் கோபப்படாமல் சொன்னதே எனக்குப் பாரமாக இருந்தது. பூபதி போகாவிட்டால் அவர் வேலை போகும். போனால் இந்தப் பெண்ணின் நான்கு மாதத் தூக்கம் போகும். இரண்டுக்கும் காரணம், விளைவுகளை ஆராய்வதற்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த நான்.

அப்போது துளைபோடும் ஆட்களில் ஒருவர் சொன்னார்: "வாரேன்னு சொன்னதுதான வில்லங்கம்? போறேன்னு சொல்லிட்டுப் போவச் சொல்லுங்க. எமன் போறேன்னா நல்லதுதான?"

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. கலாமணிகூட நிமிர்ந்து பார்த்தார். அர்த்தனாரி மட்டும் அசையவில்லை. மூன்று நாளில் அந்தப் பெரிய முகத்தில் அச்சத்தை அப்போதுதான் கண்டேன்.

"நானும் வண்டி ஓட்டறவனுங்க" என்றார். "இன்னிக்குப் பொழுதோட லோடு எடுக்கோணும். ஊட்டை உட்டுக் கெளம்பறப்போ ஒருக்காக்கூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லீங்க. வேசம் எமனோடதா இருந்தாலும் வாய் என்னோடதுதானுங்க."

யாரும் வற்புறுத்தவில்லை.  கலாமணியிடம் நேர்ப்பொருள், மறைபொருள் என்று வகுப்பெடுத்த நான், அர்த்தனாரியிடம் அதில் ஒரு வரியைக்கூடச் சொல்லத் துணியவில்லை. வேண்டாம் அண்ணா, விடுங்கள் என்றேன்.

அவர் கலாமணியைப் பார்த்தார். அவர் கையில் இருந்த தட்டையும் பார்த்தார். சுண்ணாம்பும் மஞ்சளும் கலந்த சிவப்பு நீர் அதில் இன்னும் சுற்றப்படாமலே இருந்தது.

"அம்மிணி நாலு மாசம் முளிச்சுக்கிட்டு இருக்கறதுக்கு, நான் ஒரு வார்த்தை சொல்லிடறேனுங்க" என்றார்.

வாசல் கேட்டுக்கு வெளியே போய் நின்றார். கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகினார். பிறகு கதாயுதத்தைத் தரையில் ஊன்றி, நான் மூன்று நாளாகக் கெஞ்சியும் கேட்காத ஒரு குரலில், ஒரு 'ங்க'கூட இல்லாமல் பேசினார்:

"பூபதி! உனக்கும் எனக்கும் இனி ஒண்ணுமில்லை. உன் வண்டிப் பக்கம் எனக்குச் சோலி இல்லை. நான் போறேன்!"

 ஆட்கள் தலைகுனிந்து நின்றார்கள். அந்த அமைதியில் கலாமணியின் குரல் தெளிவாகக் கேட்டது. வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய அதே தொனி.

"சரிங்ண்ணா, போயிட்டு வாங்க."

"அட கெரகமே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் முதலாளி.

கலாமணி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். தட்டு சாய்ந்து சிவப்பு நீர் பாதி கொட்டிவிட்டது. பூபதி சக்கரத்தில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று எண்ணினேன்.

அர்த்தனாரி மட்டும் நிதானமாகக் கிரீடத்தைக் கழற்றினார். நெற்றியில் அட்டையின் தடம் சிவந்திருந்தது. கிரீடத்தைக் கதாயுதத்தின் மேல் கவிழ்த்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"அம்மிணி, இப்பச் சொன்னது எனக்குங்களா, அவருக்குங்களா?"

கலாமணி விழித்தார். பொத்திய கை மெல்ல இறங்கியது.

"உங்களுக்குத்தானுங்ண்ணா" என்றார். அடுத்த நொடி குரலில் உறுதி வந்துவிட்டது. "எமனை ஆராச்சும் அண்ணான்னு கூப்புடுவாங்களா?"

அர்த்தனாரி விட்ட பெருமூச்சு கேட்டுக்கு உள்ளே நின்ற எங்களுக்குக் கேட்டது. 'போறேன்' என்று சொல்லிவிட்ட தன் வாய்க்கு யாராவது 'போயிட்டு வாங்க' என்று சொல்லமாட்டார்களா என்று அவர் ஏங்கி நின்றது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் தவறிச் சொன்ன சொல், சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"அப்பச் சரிங்க அம்மிணி. போயிட்டு வாரேன்" என்று சிரித்தார்.

கலாமணியும் சிரித்தார், கூடவே அழவும் செய்தார். மிச்சமிருந்த நீரில் ஆரத்தி சுற்றி, பூபதியின் நெற்றியில் பொட்டு வைத்தார். பூபதி ஏறி அமர்ந்தார். எஞ்சின் உறுமியது. நல்ல நேரத்தில் இன்னும் சில நிமிடங்கள் மிச்சம் இருப்பதாக முதலாளி கடிகாரத்தைக் காட்டினார்.

வண்டி நகரும் முன் கலாமணி படியில் கால் வைத்து ஏறினார். இருக்கைக்குப் பின்னால் சுருட்டிக் கட்டியிருந்த பட்டையை இழுத்து அவிழ்த்தார். தூசி பறந்தது. ஆட்கள் சிரித்தார்கள். பூபதி கூச்சத்தோடு அவர்களைப் பார்த்தார்.

"அவரு போயிட்டாருங்க" என்றார் கலாமணி. "இனி நீங்களாக் கூப்புட்டுக்காதீங்க."

பட்டையை அவர் மார்புக்குக் குறுக்கே இழுத்து மாட்டினார். பூட்டு துருப்பிடித்திருந்தது. மூன்றாவது முறை அழுத்தியதும்தான் விழுந்தது.